நீ தொட்டதை நீயே பார்க்காதே

என் கருவிப் பெட்டியின் மேல்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் ஓர் எறும்பின் நீளம்கூட இல்லாத கறுப்பு ரப்பர் சுருள். பென்சில் சீவும்போது விழுமே, அந்த மாதிரி. ஆறு ஆண்டுகளாகத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். விமானத்தின் என்ஜின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குப்பியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன்.

நான் கட்டியது இரண்டு பேர் உட்காரும், இறக்கை தலைக்கு மேலே இருக்கும் சிறிய விமானம். ஏழு ஆண்டுகளின் வார இறுதிகள் அதற்குள் போயிருக்கின்றன. என்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கார்புரேட்டர். இந்த என்ஜினின் ரப்பர் குழாய்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றச் சொல்கிறது கையேடு. வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் இறுகியிருக்கும், வெடித்திருக்கும். ஐந்தாம் ஆண்டு வந்ததும் பெட்ரோல், ஆயில், குளிர்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மூன்று நாளில் மாற்றினேன். குழாய்களை முனையோடு கவ்வும் கிளாம்ப்களை இறுக்கினேன். கசிவு பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை முடித்த திருப்தி எனக்கு.

என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. சூடாகும்வரை காத்திருந்து, நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு ஏற்றினேன். கால் வைத்திருந்த பெடலில் ஒரு நடுக்கம். இருக்கையில் இல்லை, காதிலும் இல்லை, பாதத்தில் மட்டும். கருவிப்பலகையில் ஒரு பக்கத்துப் புகைபோக்கி வெப்பம் மற்றதைவிட ஏறிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் பெட்ரோல் பற்றாமல் காற்று மிகுந்து எரிகிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு இறங்கினேன். இந்தக் கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தை ஒரு கம்பிப் பிடிதான் தாங்கியிருக்கும். விரலால் தள்ளினால் கையோடு வந்துவிடும். கிண்ணத்தைக் கழற்றி டார்ச் அடித்தேன். பெட்ரோல் பாயும் நுண்துளையான மெயின் ஜெட்டின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தச் சுருள்.

புதுக் குழாயை உலோக முனையில் செருகும்போது, முனையின் விளிம்பு குழாயின் உட்சுவரை மெல்லச் சீவிவிடும். அதனால்தான் முனையைக் கொஞ்சம் ஈரமாக்கி, நேராகத் தள்ளாமல் திருகித் திருகி ஏற்ற வேண்டும். ஏற்றியபின் கார்புரேட்டரில் மாட்டுமுன் பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். எனக்கு இது தெரியும். மற்ற எல்லாக் குழாய்களுக்கும் செய்தேன். அந்த ஒன்றுக்கு நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தேன், வந்தவன் கழுவியாகிவிட்டது என்று நினைத்து மாட்டிவிட்டேன். ஃபில்டர் இருந்தும் பயனில்லை. சீவல் பிறந்த இடமே ஃபில்டரைத் தாண்டித்தான்.

தரையில் தெரிந்தது என் நல்ல காலம். பழைய குழாய்களோடேயே பறந்திருந்தால் அந்த வாரம் எந்த ஆபத்தும் இருந்திருக்காது. ஆபத்தை விமானத்துக்குள் கொண்டுபோய் வைத்தது என் பராமரிப்பு.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விந்தை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்த விஞ்ஞானிகளில் சி. எச். வாடிங்டன் என்பவர் இருந்தார், தொழிலால் உயிரியலாளர். அங்கே 50 பறப்பு மணிக்கு ஒரு முறை பெரிய பராமரிப்பு நடக்கும். பராமரிப்பு பயன் தருகிறது என்றால், அது முடிந்த உடனே பழுதுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும், நாள் ஆக ஆகக் கூட வேண்டும். கணக்கு நேர்மாறாக வந்தது. பராமரிப்பு முடிந்த கையோடு பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் பூட்டியதில் புதுப் பிழைகள் உள்ளே போயிருந்தன. பெரிய பணிமனையும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்த இடத்திலேயே இப்படி. ஒற்றை ஆளாக, மாலை வெளிச்சத்தில், தன் விமானத்தைத் தானே பூட்டுகிறவன் கதி என்ன?

வீட்டில் கட்டிய விமானத்துக்கும் மற்றதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். கட்டியவன், பழுது பார்ப்பவன், சோதிப்பவன், ஓட்டுபவன் எல்லாம் ஒரே ஆள். ரைட் சகோதரர்களுக்குக்கூட சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் தனியாக இருந்தார். 1903இல் பறந்த விமானத்தின் 12 குதிரைத்திறன் என்ஜினை ஆறு வாரத்தில் கடைசல் இயந்திரத்தில் உருவாக்கியவர் அவர்தான். நமக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. தவறு செய்த அதே கண்தான் தவறைத் தேடவும் செய்கிறது. அந்தக் கண் தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும். நான் இறுக்கியதாக நினைக்கும் நட்டு எனக்கு இறுகியதாகவே தெரியும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. கட்டுப்பாடு இழப்பும் என்ஜின் தொடர்பான செயலிழப்பும்தான் முன்னணிக் காரணங்கள். விமானம் பறக்கத் தொடங்கிய ஆரம்ப மணிகளிலேயே விபத்துகள் குவிந்திருந்தன. உடல் முறிந்து விழுந்தவை அரிது. இறக்கை ஒடியுமோ என்று பயந்து இரவெல்லாம் ரிவெட்டுகளை எண்ணுகிற நாம், பெட்ரோல் குழாயின் வளைவுக்குக் கால் மணி நேரம்தான் தருகிறோம். என்ஜின் தொடர்பான செயலிழப்பு என்றால் பிஸ்டன் உடைவது என்று நினைத்துவிடக்கூடாது. நான் பார்த்த, கேட்ட வரையில் என்ஜின் உள்ளே நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பெட்ரோலும் காற்றும் பொறியும் கொண்டுபோகிற, நம் கையால் நாமே மாட்டிய பொருட்கள்தான் காலை வாரும்.

அந்த ரப்பர் சுருளை எடுத்துக்கொண்டு நான் போனது பக்கத்து ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இருக்கும் அண்ணாவிடம். என்னைவிட இருபது வயது மூத்தவர். இரண்டு விமானங்கள் கட்டியவர். குப்பியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

"இந்தப் பக்கம் யாரு மாட்டினது?"

"நான்தான் அண்ணா."

"அப்ப நீ தள்ளி நில்லு. நீ தொட்டதை நீயே பார்க்காதே. நான் பார்க்கிறேன்."

அவர் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பது அதிகம். ஒவ்வொரு குழாயையும் பிடித்து மெல்லத் திருகினார். ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்தார். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கேபிளின் முனையைப் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே உட்காரச் சொல்லி, நெம்புகோலை முழுக்கத் தள்ளி முழுக்க இழுக்கவைத்தார். இரண்டு கார்புரேட்டரும் ஒரே கணத்தில் தடுப்பைத் தொடுகின்றனவா என்று விரலால் உணர்ந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு விஷயம் கண்டுபிடித்தார். ஒரு பெட்ரோல் குழாய், என்ஜின் அதிர்ந்தால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் உரசும் தூரத்தில் இருந்தது. ஒரு கிளாம்ப் குழாயின் விளிம்பில், பாதி காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெரிய விமான நிறுவனங்களில் உயிர்நாடியான பாகங்களைத் தொட்டால் இரண்டாவது ஆள் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1990 ஜூன் 10 சாட்சி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 17,000 அடியைத் தாண்டி ஏறும்போது முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டு, உடனிருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, உயிர் பிழைத்தார். அந்தப் பறப்புக்கு 27 மணி நேரம் முன்பு கண்ணாடியை மாற்றிய மேற்பார்வையாளர் பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. அந்த வேலைக்கு இரண்டாவது ஆளின் சோதனை தேவை என்று விதியில் இல்லை. அனுபவசாலிதான், திறமைசாலிதான், அன்று தனியாக இருந்தார்.

அண்ணா எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, பறப்பதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும் பழக்கம். ரோட்டாக்ஸ் 912இல் ஆயில் என்ஜினுக்கு அடியில் தங்குவதில்லை. தனியாக ஒரு தொட்டியில் இருக்கும். நிறுத்திவைத்த நேரத்தில் கொஞ்சம் ஆயில் என்ஜினுக்குள் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே அளவுகோலை விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் மிகையாகிவிடும். அதனால் ப்ரொப்பெல்லரை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் காற்று, தேங்கிய ஆயிலைத் தொட்டிக்குத் தள்ளும். எல்லாம் போனதும் தொட்டிக்குள் 'குளுக்' என்று ஒரு ஏப்பம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றக்கூடாது, வால்வுகளை இயக்கும் ஆயில் வழிகளில் காற்று புகுந்துவிடும்.

ஏப்பம் வரும்வரை காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கை இன்னொன்றையும் படிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது ப்ரொப்பெல்லர் கைக்கு எதிர்த்து நிற்கும், பிறகு விட்டுக்கொடுக்கும். இந்த என்ஜினில் கியர் விகிதம் 2.43, அதாவது ப்ரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்கு என்ஜின் 2.43 சுற்று; என்ஜினின் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் அழுத்தும். ஆகவே ப்ரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஏறத்தாழ ஐந்து எதிர்ப்புகள் வரும். ஐந்தும் ஒரே பலத்தோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சோம்பலாக நழுவினால், அதே நழுவல் நான்கு எதிர்ப்புக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்தால், ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். மெதுவாகச் சுற்றினால்தான் இது தெரியும். அவசரமாகத் தள்ளினால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும். சாவியை அணைத்துவிட்டதால் ப்ரொப்பெல்லர் செத்துவிடாது. காரில் சாவியை அணைத்தால் பொறிக்குப் போகும் மின்சாரம் நிற்கும். பொறிக்கான மின்சாரம் தரும் விமானத்தின் மேக்னட்டோவும் ரோட்டாக்ஸின் இக்னிஷனும் அந்த மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்பவை. ஸ்விட்ச் செய்வதெல்லாம் அதை ஒரு வயர் வழியாக என்ஜினின் உடலோடு சேர்த்து அடக்குவதுதான். அந்த வயர் அறுந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தும் பொறி உயிரோடு இருக்கும். நான் ஒரு காலையும் ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்குள் வைப்பதில்லை. சக்கரத்துக்குத் தடை போடாமல், த்ராட்டில் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது இப்போது பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தே கையை வைக்கிறேன்.

தரையில் நடக்கும் இக்னிஷன் சோதனையும் இதோடு சேர்ந்தது. இந்த என்ஜினில் தனித்தனியாக இரண்டு இக்னிஷன் உண்டு. 4000 சுற்றில் அவற்றில் ஒன்றை அணைத்தால் வேகம் கொஞ்சம் விழும். 300 சுற்றுக்கு மேல் விழக்கூடாது; இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 115ஐத் தாண்டக்கூடாது. அதிகம் விழுந்தால் பிரச்சினை என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம்கூட விழாவிட்டால்? "நம்ம என்ஜின் தங்கம்" என்று மகிழ்ந்து கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். விழவே இல்லை என்றால் அந்த இக்னிஷன் அணையவே இல்லை. அடக்கும் வயர் அறுந்திருக்கிறது. அந்த ஆள் மாலையில் விமானத்தை நிறுத்திவிட்டு அணைந்ததாக நம்பி ப்ரொப்பெல்லரைத் தொடப்போகிறார்.

எல்லா எண்களையும் நோட்டில் எழுதுகிறேன். கையேடு சொல்லும் எல்லை எனக்கு இரண்டாம்பட்சம். 110 விழுந்துகொண்டிருந்தது மூன்று வாரத்தில் 190 ஆனால் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அன்று நான் பறக்கமாட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். ஆயில் அழுத்தம், வெப்பம், ஒரு மணிக்கு எவ்வளவு ஆயில் குடித்தது எல்லாம் இப்படித்தான். நினைவை நம்பினால் போன வாரமும் இதேதான் என்று அது சொல்லிவிடும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டித் திறக்க ஒரு கருவி இருக்கிறது. ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை அறுத்தெடுத்து, பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு: கியரோ, கேமோ, வால்வு தூக்கியோ தேய்கிறது. ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியமோ பேரிங்கின் உலோகமோ. புது என்ஜினில் கொஞ்சம் மினுக்கம் வரும், பயப்பட வேண்டாம். நூறு மணி ஓடியபின் புதிதாக வந்தால் பயப்பட வேண்டும். ரோட்டாக்ஸில் இதற்கென்றே ஒரு காந்தத் திருகு உண்டு. அதில் மை போன்ற கறுப்புப் பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டலாம், விரல் நுனியில் குத்துகிற சில்லு இருந்தால் காரணம் தெரியும்வரை பறப்பு இல்லை. லைக்கமிங் என்ற வேறு வகை விமான என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஃபில்டர் இருந்தால் 50 மணிக்கு, வெறும் சல்லடை இருந்தால் 25 மணிக்கு ஆயில் மாற்றம். அல்லது நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அது.

அந்த நான்கு மாதக் கணக்கைப் பலர் மதிப்பதில்லை. "பறக்கவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும்?" பறக்காததால்தான் கெடுகிறது. எரிதலில் பிறக்கும் நீராவி ஆயிலோடு கலந்து அமிலமாகிறது. லைக்கமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேலே இருக்கிறது. நின்றுகொண்டே இருந்தால் ஆயில் வடிந்து அது துருப்பிடிக்கும். தரையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைப்பது உதவி இல்லை, கேடு. நீரை உண்டாக்கும் அளவுக்கு ஓட்டி, அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடாக்காமல் நிறுத்துகிறோம். பறக்கும் நாளில் ஒரு முறையாவது ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொடட்டும் என்று ரோட்டாக்ஸ் சொல்வதும் இதற்காகத்தான்.

காற்றழுத்தக் கசிவுச் சோதனையை நான் காதால் செய்கிறேன். சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் காற்றை விட்டு, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது அது. எண்ணைவிட, கசியும் சத்தம் எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம். சைலன்சரில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டரில் சீறினால் உள்வாங்கு வால்வு. ஆயில் பக்கத்தில் சீறினால் பிஸ்டன் வளையங்கள். அந்த அழுத்தத்தில் பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் ப்ரொப்பெல்லர் வெட்டுக்கத்தி மாதிரி சுழலும். இரண்டு பேர் இல்லாமல் நான் இதைத் தொடுவதே இல்லை.

பெட்ரோல் விஷயத்தில் என் பிடிவாதம் இன்னும் அதிகம். கட்டி முடித்தபின், முதல் பறப்புக்கு முன், மூக்கைத் தூக்கி நிறுத்தி ஒரு பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து அளக்க வேண்டும். என் என்ஜின் புறப்படும்போது ஒரு மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். தொழிற்சாலையில் கட்டும் விமானங்களுக்கான விதிகள், பம்ப் வழியாக வரும் அமைப்பு அதில் 125 சதவீதமாவது தர வேண்டும், வெறும் ஈர்ப்பு விசையில் வருவது 150 சதவீதமாவது தர வேண்டும் என்கின்றன. என் கணக்கில் முதலாவதற்கு ஒரு லிட்டர் 107 விநாடிக்குள், இரண்டாவதற்கு 89 விநாடிக்குள். கையில் கடிகாரத்தோடு அளந்து பாருங்கள். தரையில் சமமாக நிற்கும்போது தாராளமாக வருகிற பெட்ரோல், மூக்கு ஏறியதும் மெலிந்துவிடும். டேங்கில் குறைந்த பெட்ரோல் வைத்துத்தான் அளக்க வேண்டும், நிறைத்து வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். குழாயையோ வால்வையோ மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.

பெட்ரோல் வால்வு எங்கே இருக்கிறது என்பதும் பராமரிப்பு விஷயம்தான். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் அருகே கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி; வேறொருவர் வீட்டில் கட்டி, கைமாறி அவரிடம் வந்தது. டேங்க் மாற்றும் வால்வைக் கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறிப்பும் இல்லை. பெட்ரோல் அளவுக் கண்ணாடியும் விமானிக்குப் பின்னால், அளவுக்கோடுகள் இல்லாமல். பெட்ரோல் குறைவாக இருந்தது. உடலைத் திருப்பி எட்டிப் பிடிக்கப் போனதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. கட்டியவருக்கு அந்த இடம் சரியாகத்தான் பட்டிருக்கும். இன்னொருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திருப்புங்கள்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். என் விமானத்தில் இதை நான்கு பேரைவைத்துச் செய்து பார்த்தேன். மூன்றாமவர் கை என் வால்வுக்குப் பதில் வெப்பக்காற்று நெம்புகோலைப் பிடித்தது. இப்போது இரண்டின் கைப்பிடியும் வேறு வேறு வடிவம்.

வெப்பக்காற்று என்றதும் நினைவு வருகிறது. வெளியே 20 டிகிரி வெயிலிலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். காற்று குறுகிய வாயில் விரைந்து விரியும்போது இன்னும் குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் போதும். அதைக் கரைக்கத்தான் அந்த நெம்புகோல் ஒரு கதவைத் திறந்து சூடான காற்றை உள்ளே விடுகிறது. அந்தக் கதவு முழுக்கத் திறக்கிறதா என்று தரையிலேயே பாருங்கள். கேபிள் பாதியில் நின்றிருந்தால் மேலே தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளையும் எடைபோடுகிறேன். சில மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டினால் மாற்ற வேண்டும். அதற்காகவே ஒரு சின்னத் தராசு வாங்கினேன். என் கருவிகளில் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது அதற்கு. சைலன்சரின் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அறுந்தாலும் பறந்துபோய் ப்ரொப்பெல்லரில் அடிக்காமல் இருக்க அவற்றுக்குள் கம்பி கோத்திருக்க வேண்டும்.

குப்பிக்குப் பிறகு என் வேலைமுறை மாறியது. முடிந்தவரை குறைவாகத் திறக்கிறேன். "எதற்கும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடலாம்" என்ற ஆசையை அடக்குகிறேன். கையேடு சொல்லும் காலத்தில், சொல்லும் பாகத்தை மட்டும் தொடுகிறேன். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நாளில் திறப்பதில்லை. ஒன்றில் பிழை செய்தால் மற்றதிலும் அதே பிழையைச் செய்திருப்பேன். இரண்டு நாள் இடைவெளியும் ஒரு தரையோட்டமும் நடுவில் இருந்தால் ஒன்றாவது என்னைக் காப்பாற்றும். முறுக்குமானியால் இறுக்கியதும் நட்டிலிருந்து அடிப்பாகம்வரை மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுக்கிறேன். கோடு உடைந்தால் நட்டு அசைந்திருக்கிறது. கோடே இல்லை என்றால் நான் இறுக்கவே இல்லை. வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால், பாதியில் விட்ட இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குகிறேன். பராமரிப்புக்குப் பிறகு முதல் பறப்பில் யாரையும் ஏற்றுவதில்லை. ஓடுதளத்துக்கு மேலேயே, அணைத்தாலும் இறங்கும் உயரத்தில், அரை மணி வட்டமிடுகிறேன். இறங்கியதும் மூடியைக் கழற்றி, சூடு ஆறுமுன் கசிவு பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, மூடியைப் பூட்டுமுன் அண்ணாவைக் கூப்பிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. நம் வேலையை இன்னொருவர் தடவிப் பார்ப்பது, நம்மை நம்பவில்லை என்பது போல. இப்போது அவர் வராமல் மூடினால்தான் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. அவருடைய என்ஜினுக்கும் குழாய் மாற்றும் ஆண்டு. "தம்பி, வேலை முடிஞ்சது. மூடல. நீ வந்து பாரு." நான் போனபோது அவர் விமானத்தைவிட்டு நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. குழாய்களைத் திருகினேன், வயர்களை இழுத்தேன், கண்ணாடியை அடியில் விட்டு டார்ச் அடித்தேன். எல்லாம் அவர் கைக்கே உரிய ஒழுங்கோடு இருந்தது. கடைசியில், ஆயில் தொட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத, விரல் மட்டும் எட்டும் இடத்தில் ஒரு கிளாம்ப். கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் கோடு இல்லை.

"அண்ணா, இங்க ஒண்ணு."

அவர் கிட்டே வந்து கண்ணாடியில் பார்த்தார். மறந்துபோனேன் என்றோ, இறுக்கினேனே என்றோ சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். திருகினேன். அரைச் சுற்று போனது. பிறகு நின்றது. அவர் வண்ணக் குப்பியைத் திறந்து, தன் கையாலேயே கோடு இழுத்தார். லாக் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே, தன் கையெழுத்துக்குக் கீழே விரலைவைத்து, "இங்க போடு" என்றார்.